குவில்ட்டின் பின்பக்கத்துக்கு ஒரே துணியா, துண்டுகளை இணைத்த துணியா?

குவில்ட் என்பது துண்டுத் துணிகளை இணைத்த மேல்பக்கம், நடுவே பஞ்சு, கீழே பின்பக்கம் என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. உங்கள் முதல் குவில்ட்டின் மேல்பக்கத்தை முடித்துவிட்டீர்கள், அளவு 45க்கு 60 அங்குலம். வீட்டு மெஷினிலேயே மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கப் போகிறீர்கள். பின்பக்கத்துக்கு ஒரே துணி வாங்குவதா, மீந்த துண்டுகளை ஒட்டித் தைப்பதா என்பது கேள்வி.

என் பதில்: சின்னப் பூ போட்ட ஒரே துணி. பன்னா, அதாவது துணியின் அகலம், போதாவிட்டால் இடையே ஒரே ஒரு ஒட்டுப்பட்டை. முழுக்கத் துண்டுகளால் ஆன பின்பக்கத்தை மூன்றாவது, நான்காவது குவில்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். என் இரண்டாவது குவில்ட்டுக்கு மீந்த துண்டையெல்லாம் சேர்த்து நான்கு நாள் உட்கார்ந்து பின்பக்கம் தைத்தேன். மேல்பக்கத்தைவிட அதுதான் அழகாக வந்தது. தரையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஓரங்களை டேப்பால் ஒட்டி, மேலே பஞ்சுத் தட்டை விரித்து, அதற்கும் மேலே மேல்பக்கத்தைப் பரப்பினேன். இந்த நிலையில் பின்பக்கம் தரையைப் பார்த்துப் படுத்திருக்கும். அதன் கோடுகள் கண்ணில் படாது. தைத்து முடித்துத் திருப்பினால், நெடுக ஓடிய தையல் கோடு தலைமாட்டில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளியும், கால்மாட்டில் நான்கு விரல் தள்ளியும் இருந்தது. மெத்தையில் விரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாய்வுதான் முதலில் கண்ணில் படுகிறது.

கோணல்கூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை தடிப்பு. இரண்டு துண்டை இணைத்து, தையல் இடத்தை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால் அந்த இடத்தில் மூன்று மடிப்புத் துணி. நான்கு முனை கூடும் இடத்தில் இன்னும் கூடுதல். மேலே அப்படி ஒரு கூடல், நேர் கீழே பின்பக்கத்திலும் ஒரு கூடல் என்று அமைந்தால் மெஷின் அங்கே குதிக்கும், தையல் விட்டுப்போகும், சில நேரம் ஊசியே முறியும். கையால் தைப்பவர்களுக்கு இன்னும் மோசம். வழவழவென்று இருக்கும் துணியில் ஊசியை ஆட்டி ஒரே மூச்சில் மூன்று நான்கு தையல் எடுக்கலாம். தடித்த இடத்தில் ஒவ்வொன்றாகக் குத்தி இழுக்க வேண்டும். கைத்தையல் என்றால் பின்பக்கத்தில் இணைப்பே வேண்டாம் என்பேன்.

சரி, ஒரே துணி என்றால் ஏன் பூ போட்டது? வெற்று நிறத்துணி எதையும் மறைக்காது. என் முதல் குவில்ட்டுக்குக் கருநீலத் துணி போட்டேன். மேலே வெள்ளை நூல், பாபினில் நீல நூல். திருப்பிப் பார்த்தால் நீலத்தின் மேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மேல்நூலின் டென்ஷன் தளர்ந்திருந்ததால் கீழ்நூல் அதைப் பின்பக்கம் இழுத்துவிட்டது. வளைவுகளில் நான் வேகமாகத் திருப்பிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாக. வெற்றுத் துணிதான் போடுவேன் என்றால் மேலும் கீழும் அதே நிற நூல் போடுங்கள், பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. கை நன்றாகப் பழகிய பிறகு கதை தலைகீழ்: தையல் வடிவம் புடைத்துத் தெரிய வெற்றுத் துணியை மிஞ்ச எதுவும் இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பின்துணி, பஞ்சு, மேல்பக்கம் மூன்றையும் அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பஞ்சு மெல்லியதாக இருந்து மேலே வெள்ளைக் கட்டங்கள் இருந்தால், பின்னால் உள்ள பெரிய அடர்நிறப் பூ முன்பக்கம் நிழலாடும். படுக்கை விரிப்பை வெட்டிப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். மெஷின் தையலுக்குச் சமாளித்துவிடலாம். நெருக்கமான நெசவு என்றால் கைத்தையலில் விரல் நோகும்.

இப்போது உங்கள் கணக்கு. வீட்டு மெஷினுக்கு நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதல் போதும். அதாவது 51க்கு 66. குவில்ட் துணியின் பன்னா பெரும்பாலும் 44 அங்குலம் என்பார்கள், இரண்டு கரையையும் வெட்டினால் 42தான் மிஞ்சும். ஒன்பது அங்குலம் இடிக்கிறது. அதற்காக 66 அங்குலத்தில் இரண்டு நீளம் வாங்கி இணைத்தால் மொத்தம் 132 அங்குலம். இணைப்பில் ஒரு அங்குலம் உள்ளே போக, அகலம் 83 ஆகிவிடும், அதில் 32 அங்குலம் வீண்.

இங்கேதான் ஒட்டுப்பட்டை கைகொடுக்கும். ஒரே நீளம் வாங்குங்கள். மீந்த துண்டுகளை இணைத்து 66 அங்குல நீளத்தில் 11 அங்குல அகலப் பட்டை ஒன்று தையுங்கள். வாங்கிய துணியை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டு நெடுக வெட்டி, இடையே பட்டையைச் சேருங்கள். துணிக்கு அரை அங்குலமாக, இரண்டு இணைப்பிலும் தலா ஒரு அங்குலம் உள்ளே போகும்: 42 கூட்டல் 11, கழித்தல் 2. சரியாக 51. பட்டை நட்டநடுவில் வேண்டாம். நடுவில் வைத்தால் ஒரு விரல் நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஒதுக்கி வைத்தால் வேண்டுமென்றே வைத்தது போல இருக்கும். 

இணைக்கும்போது மேல்பக்கத்துக்கு விட்ட கால் அங்குலத்தை மறந்துவிடுங்கள், இங்கே அரை அங்குலம் விட்டு, தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். தடிப்பு பரவிவிடும். கரையை வெட்டாமல் தைக்கவே தைக்காதீர்கள். அங்கே நெசவு இறுக்கம். துவைத்ததும் துணி ஒரு விதமாகவும் கரை ஒரு விதமாகவும் சுருங்கி, இணைப்பு முழுக்கச் சுருக்கம் விழும். பட்டையின் இரண்டு முனையிலும் தையல் பிரியாமல் இருக்க ஓரத்தை ஒட்டி ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள்.

பட்டையில் ஒரு வெளிர்நிறத் துண்டைச் சேர்த்து, இணைப்பதற்கு முன்பே பெயரையும் ஆண்டையும் அதில் நூலால் தைத்துவிடலாம், பிறகு தனியாக லேபிள் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுத்து ஓரத்திலிருந்து ஆறு அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். கூடுதல் துணியை வெட்டியபோது என் பெயரின் கடைசி எழுத்து அதோடு போய்விட்டது.