இசபெல்லாவோட முதல் புருஷன்

அன்புள்ள அண்ணா,

சிலுவைப் போர் பத்தி ஒரு படம் பார்த்தேன். அதுலருந்து ரெண்டு மாசமா ஜெருசலேம் ராஜ்ஜியத்து கதையாவே படிச்சிட்டு இருக்கேன். அந்த தொழுநோய் ராஜா நாலாம் பால்ட்வின் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குறார். அவர் இன்னும் ஒரு 10 வருஷம் உயிரோட இருந்திருந்தா ஜெருசலேம் சுல்தான் சலாஹுத்தீன் கைக்குப் போயிருக்குமா? அந்த வெள்ளி முகமூடி நிஜமா? அவர் குடும்பத்துல வேற ஒருத்தர்கூட தேறலையே அண்ணா. அக்கா சிபில்லா புருஷன் மேல இருந்த மோகத்துல நாட்டையே தொலைச்சா, தங்கச்சி இசபெல்லா நாலு கல்யாணம் பண்ணிக்கிட்டா, அவளோட முதல் புருஷன் ஹம்ஃப்ரி கட்டின பொண்டாட்டியை விட்டுக்கொடுத்த கோழை. தீரு நகரத்து பேராயர் வில்லியம் எழுதுன வரலாறு மட்டும் படிச்சா போதுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள தம்பி,

போன வாரம் பழைய போட்டோவெல்லாம் அடுக்கி வைக்கும்போது ஜோர்டான் போனப்ப எடுத்த கெரக் கோட்டை போட்டோ ஒண்ணு கைல கிடைச்சுது, அதுலருந்து இந்த இசபெல்லா நினைப்பாவே இருந்தேன், மறுநாள் பார்த்தா உங்க கடிதம். அதனாலதான் உடனே உக்காந்து எழுதுறேன். இல்லன்னா "பால்ட்வின் இருந்திருந்தா"ங்கற கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுத மாட்டேன்.

சரி, கேட்டுட்டீங்க, சட்டுனு சொல்லிடறேன். முகமூடி பத்தி அவர் காலத்துல எழுதுன யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அது படக்காரங்க கற்பனை. 10 வருஷம் இருந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது. 1177-ல மோன்ஜிசார்ல ஜெயிச்ச அதே ராஜாதான் 1179-ல சலாஹுத்தீன்கிட்ட தோத்தார். 1183-ல அலெப்போவும் சலாஹுத்தீன் கைக்கு வந்துருச்சு, எகிப்தும் சிரியாவும் ஒரே ஆள்கிட்ட, நடுவுல கடலோரமா ஒரு துண்டு நாடு. ஒரு மனுஷனோட ஆயுசுல தீர்ற கணக்கு இல்ல அது.

ஆனா பால்ட்வின் மேல உங்களுக்கு இருக்குற பிரியம் இருக்கே, அது எனக்கும் உண்டு. 9 வயசுல பசங்களோட விளையாடறான், ஒருத்தன் கையை ஒருத்தன் நகத்தால கீறி விளையாடற விளையாட்டு, மத்த பசங்க எல்லாம் கத்தறாங்க, இவன் மட்டும் சத்தமே போடல. நீங்க சொன்ன அந்த வில்லியம்தான் அவனுக்கு வாத்தியார், அவர் முதல்ல, பையனுக்கு பொறுமை ஜாஸ்தின்னுதான் நினைச்சார். அப்புறம் கூப்பிட்டு விசாரிச்சு, கையைத் தொட்டுப் பார்த்தாத்தான் தெரியுது, வலது கையில பாதிக்கு உணர்ச்சியே இல்ல. இதை எழுதும்போது வில்லியம் பிற்பாடு நடந்தது எல்லாம் தெரிஞ்சுதான் எழுதுறார். அந்தப் பத்தியை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு வயித்தைப் பிசையும்.

அதே பால்ட்வின்தான் தம்பி 1180-ல தன்னோட 8 வயசு தங்கச்சியை ஹம்ஃப்ரிக்கு நிச்சயம் பண்ணி வச்சவர். இதை நீங்க படிச்சீங்களா, இல்ல படிச்சும் கண்ணுல படலையா? இசபெல்லா அவருக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த தங்கச்சி, அம்மா வேற. அம்மா மரியா கொம்னினா பைஜாண்டிய அரச குடும்பத்துப் பொண்ணு, ராஜா ஆமால்ரிக் செத்த பிறகு இபெலின் குடும்பத்து பாலியனைக் கட்டிக்கிட்டு நாப்லுஸ்ல இருந்தா. ராஜாவோட பொண்ணு இபெலின்காரங்க வீட்ல வளர்ந்தா நாளைக்கு அவளை வச்சு சிம்மாசனத்துக்குப் போட்டி கிளப்புவாங்கன்னு பயம். அதனால புள்ளையை அங்கருந்து எடுத்து சாக்கடலுக்கு அந்தப் பக்கம் கெரக் கோட்டைக்கு, மாமியார் ஸ்தெஃபனிகிட்டயும் அவ புருஷன் ரேனால்ட்கிட்டயும் அனுப்பிட்டாங்க. அம்மாவைப் பார்க்கக்கூட விடல. அதுக்கு மேல ஹம்ஃப்ரிகிட்டருந்து அவன் தாத்தா சொத்தான தோரோன் கோட்டையை ராஜா வாங்கிக்கிட்டார். தங்கச்சியைக் கொடுத்து கோட்டையை வாங்குன கணக்குதான் அது, வேற என்ன பேரு வைக்கறது? பால்ட்வினைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. நீங்க கும்பிடற ஆளும் நீங்க காறித் துப்பற ஆளும் ஒரே கதையில இருக்காங்க, ஒருத்தரை மட்டும் விளக்கு போட்டுப் பார்த்தா எப்படி?

கெரக்குக்கு நாங்க குடும்பத்தோட போனப்ப என் பொண்ணுக்கு 11 வயசு. மலை முதுகுல நீளமா கட்டுன கோட்டை, உள்ள வளைவு வளைவா கல் கூரை போட்ட கூடங்கள், பட்டப்பகல்ல கூட இருட்டு, ஒரு கூடத்துலருந்து அடுத்த கூடத்துக்குப் போறதுக்குள்ள போன்ல லைட் போட வேண்டியதாப் போச்சு. மேல வந்தா காத்து ஆளைத் தள்ளுது. மேற்கால பார்த்தா கீழ தூரத்துல சாக்கடல் வெளிறிப்போன நீலத்துல. 11 வயசுல இங்கதான் இசபெல்லாவுக்கு கல்யாணம் ஆச்சுன்னு சொன்னேன். என் பொண்ணு வேற எதுவும் கேக்கல, "அவங்க அம்மா வீடு எந்தப் பக்கம்?"னு மட்டும் கேட்டா. கடலுக்கு அந்தாண்ட, வடக்கால கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துட்டு நின்னா. போன வாரம் கைல கிடைச்ச போட்டோ அதுதான்.

அந்தக் கல்யாணம் 1183 கடைசியில, அதுவும் சலாஹுத்தீன் படை கோட்டையைச் சுத்தி நிக்கும்போது. உள்ள பாட்டும் கூத்தும், வெளியில கல்லெறி எந்திரம். ஸ்தெஃபனி கல்யாண விருந்துலருந்து பதார்த்தம் எடுத்து சலாஹுத்தீனுக்கு அனுப்புனதாகவும், அவர் பொண்ணு மாப்பிள்ளை எந்த கோபுரத்துல இருக்காங்கன்னு கேட்டு அந்தப் பக்கம் கல் விடாதீங்கன்னு சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. முற்றுகையை விலக்க வந்தது யாருன்னு நினைக்கறீங்க, உங்க பால்ட்வின்தான், கண்ணு தெரியாம, கை காலு வேலை செய்யாம, பல்லக்குல படுத்துக்கிட்டு வந்தார். 24 வயசு நிறையறதுக்குள்ள 1185-ல செத்துப் போனார்.

இப்ப ஹம்ஃப்ரிக்கு வரேன், எனக்கு கோவம் வந்த இடம் அதுதான்.

"கோழை"ங்கற வார்த்தையை எங்கருந்து எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். மூணாவது சிலுவைப் போர்ல வந்த ஐரோப்பாக்காரங்க எழுதி வச்சது, ஆம்பளையை விட பொம்பளை மாதிரி இருப்பான், நடை மென்மை, பேச்சு குழறும்னு. 800 வருஷமா அதையே ஆளாளுக்கு காப்பி பண்ணிட்டு இருக்காங்க, நீங்களும் பண்ணிட்டீங்க. அவன் என்ன செஞ்சான்னு வரிசையா பாருங்க.

1186-ல சிபில்லாவோட புள்ளை, குட்டி ராஜா அஞ்சாம் பால்ட்வினும் செத்துட்டான். ஜெருசலேம்ல சிபில்லா முடி சூட்டிக்கிட்டு தன் கையாலேயே புருஷன் கீ லூசிஞான் தலையிலயும் கிரீடத்தை வச்சுட்டா. முதல்ல கீ-யை விவாகரத்து பண்ணு, அப்பதான் முடின்னு பிரபுக்கள் கேட்டாங்க, அடுத்த புருஷனை நானே தேர்ந்தெடுப்பேன்னு வாக்கு வாங்கிட்டு அதே கீ-யைத் தேர்ந்தெடுத்தா பாருங்க, அதை "மோகம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. அவளைப் பத்தி இன்னொரு நாள் சண்டை போடுவோம். இது பிடிக்காத பிரபுக்கள் எல்லாம் நாப்லுஸ்ல கூடி, நாம இசபெல்லாவுக்கும் ஹம்ஃப்ரிக்கும் முடி சூட்டுவோம், ஜெருசலேம் மேல படையெடுப்போம்னு முடிவு பண்றாங்க. எதுத்தாப்ல சலாஹுத்தீன் காத்துட்டு இருக்கும்போது உள்ளுக்குள்ள ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, ஒரு உள்நாட்டுச் சண்டை. அன்னைக்கு ராத்திரியே ஹம்ஃப்ரி யார்கிட்டயும் சொல்லாம குதிரை ஏறி ஜெருசலேம் போயிட்டான். சிபில்லா முன்னாடி போய் நிக்கறான், பட்டாபிஷேகத்துக்கு ஏன் வரலைன்னு அவ கோவமா இருக்கா, இவன் வெக்கப்பட்ட சின்னப் பையன் மாதிரி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, அவங்க என்னைக் கட்டாயப்படுத்தி ராஜா ஆக்கப் பார்த்தாங்கன்னு சொல்றான். அந்தத் தலை சொறியறதை எழுதி வச்சவன் கேலிக்காகத்தான் எழுதினான். எனக்கு அந்த ஒரு அசைவுல அவன் முழுசா தெரியறான். கிரீடத்தை தட்டுல வச்சு நீட்டும்போது வேண்டாம்னு ராத்திரியோட ராத்திரியா ஓடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?

மறு வருஷம் ஹத்தீன் சண்டையில சலாஹுத்தீன்கிட்ட மாட்டிக்கிட்டு கைதியானான். அவனை விடணும்னா கெரக் கோட்டையையும் மோன்ரியால் கோட்டையையும் கொடுக்கணும்னு பேச்சு. அம்மா ஸ்தெஃபனி ஒத்துக்கிட்டா, பையன் வந்துட்டான், ஆனா கோட்டையில இருந்த வீரர்கள் அம்மா சொல்லியும் சரணடைய மாட்டோம்னுட்டாங்க. அவ என்ன பண்ணா தெரியுமா, வாக்கு கொடுத்தாச்சு, கோட்டை தர முடியல, அதனால பையனைத் திருப்பி ஜெயிலுக்கே அனுப்பிட்டா. அவனும் போனான். அதைப் பார்த்துதான் சலாஹுத்தீன் கொஞ்ச நாள் கழிச்சு தானாவே விட்டார்னு சொல்றாங்க. ஒரு கோழை பண்ற காரியமா தம்பி அது?

அடுத்தது 1190, அக்கோ துறைமுகம். ஊரை முற்றுகை போட்டு வெளியில கூடாரம் கூடாரமா சிலுவைப் படை, முகாமுக்குள்ள கொள்ளை நோய். சிபில்லாவும் அவளோட ரெண்டு பொண்ணுங்களும் அங்கயே செத்துட்டாங்க. அதோட கீ-க்கு ராஜாங்கற உரிமை போச்சு, உரிமை இப்ப 18 வயசு இசபெல்லாகிட்ட. தீரு நகரத்தைக் காப்பாத்தி வச்சிருந்த மோன்ஃபெரா பிரபு கான்ராடை ராஜா ஆக்கணும்னு ஒரு கூட்டம். அதுக்கு இசபெல்லா ஹம்ஃப்ரியை விடணும். அவ மாட்டேன்னா. அவனைத்தான் எனக்குப் பிடிக்கும்னு சொன்னா. கூடாரத்துலருந்து அவளைப் பிரிச்சுக் கொண்டுபோய், நாள் கணக்கா பேசிக் கரைச்சாங்க. கரைச்சது வேற யாருமில்ல, 8 வயசுல பிரிச்சாங்களே, அதே அம்மா மரியா. 1186-ல அந்த ராத்திரி ஓடிப்போய் கீ-யை ராஜா ஆக்குனவன் அவன், அவனோட இருக்குற வரைக்கும் உனக்கு உன் அப்பன் நாடும் கிடையாது, மானமும் கிடையாதுன்னு. 11 வயசுல கட்டி வச்சது செல்லாது, அவ சம்மதம் இல்லன்னு சட்டம் கண்டுபிடிச்சாங்க. கட்டி வைக்கும்போது அந்த சம்மதத்தை யார் கேட்டாங்க? இப்ப 18 வயசுல வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்றாளே, அந்த சம்மதத்தை மட்டும் ஏன் யாரும் கணக்குல எடுத்துக்கல? இதைத்தான் தம்பி திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்கேன். அவ சொன்னது அவங்களுக்குத் தேவைப்பட்டப்ப சட்டம், தேவைப்படாதப்ப சின்னப் பொண்ணு பேச்சு.

கேன்டர்பரி பேராயர் ஒருத்தர் மட்டும், அவர் பேரும் பால்ட்வின்தான், இது அநியாயம்னு கடைசி வரைக்கும் நின்னார். கான்ராடுக்கு கான்ஸ்டான்டிநோபிள்ல ஏற்கனவே மனைவி, போதாததுக்கு அவன் அண்ணன்தான் சிபில்லாவோட முதல் புருஷன், எந்த வழியில பார்த்தாலும் செல்லாத கல்யாணம். நவம்பர் 19-ந்தேதி அவர் செத்தார். 24-ந்தேதி இசபெல்லாவுக்கும் கான்ராடுக்கும் கல்யாணம்.

ஹம்ஃப்ரி சண்டை போட்டிருக்கணும்னு சொல்வீங்க. ஒரு பிரெஞ்சுப் பிரபு கையுறையைக் கழட்டிப் போட்டு வாடா மோதிப் பார்ப்போம்னான், இவன் எடுக்கல, உண்மைதான். ஆனா முகாம் பூரா எதிர்ல நிக்குது, பொண்ணோட அம்மாவே எதிர்ல நிக்கறா. அந்தக் கையுறையை எடுத்திருந்தா அங்கயே ஒரு பொணம் விழுந்திருக்கும், இசபெல்லா திரும்பி வந்திருக்க மாட்டா. நான் அவன் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கும் தெரியாது, ஆனா எடுக்காததுக்காக அவனை கோழைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அடுத்த வருஷம் இங்கிலாந்து ராஜா ரிச்சர்டுக்கும் சலாஹுத்தீன் தம்பி அல்-ஆதிலுக்கும் நடுவுல சமாதானப் பேச்சு நடந்தப்ப அரபி தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளன் யாரு, இவன்தான். சலாஹுத்தீனோட ஆள் பஹாவுத்தீன் இவனைப் பார்த்து, அழகான வாலிபன், என்ன, அவங்க வழக்கப்படி தாடியை மழிச்சிருக்கான்னு எழுதி வச்சிருக்கார். சொந்தக்காரங்க பொம்பளைன்னு கேலி பண்ண ஆளை எதிராளி பார்த்த கண்ணைப் பாருங்க.

"நாலு கல்யாணம் பண்ணிக்கிட்டா"ன்னு எழுதுனீங்களே. பண்ணிக்கிட்டாளா, பண்ணி வச்சாங்களா? 1192 ஏப்ரல் 28 கான்ராடை தீரு நகரத்து தெருவுல குத்திக் கொன்னாங்க, அப்ப அவ வயித்துல புள்ள. ஒரே வாரத்துல ஷாம்பெய்ன் நாட்டுப் பிரபு ஹென்றியோட கல்யாணம். 1197-ல அவன் அக்கோல ஜன்னல்லருந்து விழுந்து செத்தான். உடனே அடுத்தது எமெரி லூசிஞான், அதாவது கீ-யோட கூடப் பிறந்த அண்ணன். எந்தக் குடும்பத்தை சிம்மாசனத்துலருந்து இறக்கறதுக்காக 1190-ல அவளையும் ஹம்ஃப்ரியையும் பிச்சுப் போட்டாங்களோ, அதே குடும்பத்துக்கே ஏழு வருஷம் கழிச்சு கட்டி வச்சாங்க. 1205-ல எமெரியும் போய், அவளும் போயிட்டா, 33 வயசு இருக்கும்.

வில்லியம் போதுமான்னு கேட்டீங்க. போதாது. அவர் வரலாறு 1184-லேயே நின்னு போச்சு, அப்ப இசபெல்லா 12 வயசு புதுப்பொண்ணு. ஒரு பையனோட மரத்துப்போன கையை அவ்வளவு பக்கத்துல உக்காந்து பார்த்து எழுதுன மனுஷன், அந்தப் பொண்ணோட கூடாரத்துல நடந்ததை எழுத உயிரோட இல்ல. அதுக்கு அப்புறம் பழைய பிரெஞ்சுல அதைத் தொடர்ந்து எழுதுனாங்களே, அதை இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல தேடிப் படிங்க. அம்மாவும் பொண்ணும் பேசற இடம் அதுலதான் இருக்கு.

இன்னொண்ணு சொல்லிட்டு நிறுத்திக்கறேன். ஹம்ஃப்ரியை விட்டுட்டு வரும்போது இசபெல்லா, அண்ணன் 1180-ல வாங்கிக்கிட்ட தோரோனை அவனுக்கே திருப்பி எழுதிக் கொடுத்தா. கோட்டை அப்ப சலாஹுத்தீன் ஆளுங்க கைல இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் அது தெரியும். ஆனாலும் கொடுத்தா. அவன் அதுக்கு அப்புறம் கல்யாணமே பண்ணிக்கல.

அன்புடன்,
உங்க அண்ணன்