கை பழகும் வழி

கேள்வி: மேலூர் அருகே கிளினிக் நடத்துகிறேன். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறார். செய்யச் சொன்னால் தடுமாறுகிறார். எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– ஒரு மருத்துவர், மேலூர்

பதில்: அவர் ஒரு செயலை முதலிலிருந்து கடைசிவரை செய்வதை யாரும் அருகிலிருந்து பார்த்திருக்கமாட்டார்கள். பெய்ட்டன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1998-இல் எழுதிய நான்கு படி முறையைக் கையாளுங்கள். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து, காரணங்களைச் சொல்லியபடி மெதுவாகச் செய்யுங்கள். பிறகு அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கடைசியில் அவரே செய்யட்டும். நேரமில்லை என்று பலரும் தாண்டிவிடுவது மூன்றாவது படியை. நோயாளியின் மேல் கை படுவதற்கு முன்பே மாணவர் எதை மறந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடுவதால், என் மதிப்பில் அதுவே முதன்மையானது.

வயல்வேலை மிகுந்த உங்கள் பகுதிக்குப் பாம்புக்கடிக்கான இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையையே முதல் பாடமாக வைக்கலாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சுமார் 2 மில்லி சிரை இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பதுதான் சோதனை; உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் இருந்து ஏமாற்றிவிடும் என்பதை வாயால் சொல்லாமல், உங்கள் இருவரின் இரத்தத்தையே எடுத்துச் செய்து காட்டுங்கள். (கடிபட்டவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.) நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை, அவை கடித்தவரின் இரத்தம் வழக்கம்போல் உறையக்கூடும் என்பதால், இமை தொங்குகிறதா என்று பார்க்கும் பழக்கமும் இத்துடன் சேர்ந்தே வர வேண்டும். உண்மையில் கடிபட்டு ஒருவர் வந்தால், சோதனைக்காக 108-ஐ அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரத்த அழுத்தம் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்: ஐந்து நிமிட ஓய்வு, சாய்ந்த முதுகு, இதய மட்டத்தில் கை, கைக்கேற்ற அளவில் பட்டை. சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

மாணவர் பார்ப்பதற்கு நோயாளியிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிட்டு, நீங்கள் ஓரமாக அமருங்கள். ஆபத்து இருந்தாலன்றி இடையில் திருத்தாதீர்கள். நோயாளி போனபின், "எது சரியாக வந்தது?" என்று முதலில் மாணவரையே கேட்டுவிட்டு, மாற்றவேண்டியது ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அடுத்த வாரம் அதையே மீண்டும் பாருங்கள்.