கிணற்றுக் கட்டுப் பாசி சீமெந்தை வெடிக்க வைக்குமா?

தங்கச்சி, கோடையில் கறுத்துக் காய்ந்து கிடந்த கிணற்றுக் கட்டுப் பாசி மாரி மழையோடு பச்சையாகிவிட்டது, வேர் இறங்கிச் சீமெந்து வெடிக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பாசிக்கு உண்மையான வேரே கிடையாது. மயிர் போன்ற வேர்ப்போலிகள் பிடிமானத்துக்குத்தான். தண்ணீரைப் பெரும்பாலும் இலைகளே உறிஞ்சும். கோடையில் அது சாகவில்லை, காய்ந்து உறங்கியது, அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்துள்ள சுவர்களில் வளரும் ஹயோஃபிலா வகையென்றால், காய்ந்த துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உள்நோக்கிச் சுருண்ட இலைகள் கண் முன்னாலேயே விரியும், அவ்வளவு அழகு! மேலே மெல்லிய காம்புகள் நின்றால் அவற்றின் நுனியில் இருப்பது வித்திக்கலன், அதாவது பாசி பரவ உதவும் தூள் போன்ற வித்திகள் இருக்கும் சிறு பை.

சுவரை உண்மையில் பிளப்பவை ஆலங்கன்றும் அரசங்கன்றும்தான், கண்டவுடன் பிடுங்குங்கள். கால் வழுக்கும் இடத்தை மட்டும் தும்புத்தடியால் தேய்த்தால் சரி. களைநாசினி வேண்டவே வேண்டாம், எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் அது சுலபமாகக் கிணற்று நீரில் கலந்துவிடும்.