வேதிச் சமன்பாடுகளைச் சமன்செய்தால் ஜியோகேஷிங் பெட்டியின் இடம் எப்படித் தெரியும்?

ஜியோகேஷிங் என்பது, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கருவியின் துணையுடன் மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அதில், புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியவரும் புதிர்வகைப் பெட்டிகளுக்கு வரைபடத்தில் காட்டப்படும் புள்ளி உண்மையான இடமன்று. பெட்டி வழக்கமாக அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டருக்குள் இருக்கும். அதன் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் விடுபட்டுள்ள இலக்கங்களைத்தான் சமன்செய்த சமன்பாட்டின் கெழுக்கள், அதாவது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் முன்னால் வரும் எண்கள், தருகின்றன. எடுத்துக்காட்டாக, புரோப்பேன் முழுமையாக எரியும்போது அதன் ஒரு மூலக்கூறுக்கு 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகி, 3 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 4 நீர் மூலக்கூறுகளும் உருவாவதால், 1, 5, 3, 4 என்ற வரிசை கிடைக்கிறது. கார்பன், ஹைட்ரஜன் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு, தனித்து நிற்கும் ஆக்சிஜனைக் கடைசியில் சரிசெய்வதே எளிது.

சமன்பாட்டில் வழக்கமாக எழுதப்படாத கெழுவான 1-ஐ விட்டுவிட்டால் பின்வரும் இலக்கங்கள் அனைத்தும் இடம் மாறிவிடும். பலர் தடுமாறுவது இங்கேதான். கெழுக்கள் மிகச்சிறிய முழு எண்களாகவும் இருக்க வேண்டும். பியூட்டேனுக்கு ஆக்சிஜன் ஆறரை என்று வந்தால், எல்லாவற்றையும் இரட்டித்து 2, 13, 8, 10 என்று கொள்ள வேண்டும். இத்தகைய ஈரிலக்க எண்களை அப்படியே பயன்படுத்துவதா, கூட்டுவதா என்பதைப் புதிரின் குறிப்பே சொல்ல வேண்டும்; சொல்லாத புதிர், என் கருத்தில், குறையுள்ள புதிர். கெழு ஒருபோதும் சுழியமாகாது என்பதால், 0 தேவைப்படும் இடத்தில் புதிர் அமைத்தவர் கழித்தலையோ 10 போன்ற எண்ணையோ நாடியிருப்பார்.

அட்சரேகையின் கலையில் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாம் தசம இலக்கம் ஒன்று பிசகினால் சுமார் 1.85 மீட்டர்தான் விலகும். முழுக் கலையில் ஒன்று பிசகினாலோ சுமார் 1.85 கிலோமீட்டர் விலகிவிடும்.