மருத்துவப் பதிவுக்குக் கோடிகள்: நம்மிடம் கட்டணம் கேட்பார்களா?

கேள்வி: என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். உசிலம்பட்டியில் பார்த்துவிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தப் பரிசோதனையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். மாநிலம் முழுக்க மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கக் கோடிக்கணக்கில் செலவாகிறதாமே, பணம் எங்கே போகிறது? எங்களிடமும் வாங்குவார்களா?

பதில்: வாங்க மாட்டார்கள். இப்படிப் பதிவுகளை இணைப்பது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம். அதில் ஒருவரின் பதிவுகளை அடையாளம் காணத் தரப்படும் 14 இலக்க ஆபா எண் இலவசம், கட்டாயமும் இல்லை. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் திட்டத்துக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெரிய தொகையாகத் தெரியும். நாட்டின் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஆண்டுக்கு இரண்டரை ரூபாய்கூட வராது. ஏனென்றால் இது மருத்துவமனைகளை இணைக்கும் பொதுப் பாதைக்கான பணம். உங்கள் அம்மாவின் பதிவு சிகிச்சை தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். அவர் சம்மதித்தால்தான் இன்னொரு மருத்துவமனைக்குப் போகும்.

அந்தப் பதிவை முதலில் யார் தட்டச்சு செய்வது? செலவின் கனம் இங்கேதான் இருக்கிறது. ஓ.பி. வரிசை வாசல்வரை நிற்கும்போது மருத்துவரே தட்டச்சு செய்தால் வரிசை இன்னும் நீளும். அதற்கென்று ஆள் வைத்தால் மாதாமாதம் சம்பளம். கணினி ஒருமுறை வாங்குவது. இணையம், யுபிஎஸ், மென்பொருள் பராமரிப்பு, பணியாளர் ஊதியம் எல்லாம் ஆண்டுதோறும் வருபவை. இவற்றுக்கு நிதி ஒதுக்காமல் கணினி மட்டும் வாங்குவதைத்தான் நான் வீண்செலவு என்பேன். பணமிருந்தும் தவறலாம்: இங்கிலாந்து 2002இல் தொடங்கிய தேசிய மருத்துவக் கணினித் திட்டத்தைப் பல நூறு கோடி பவுண்டு செலவழித்த பிறகு 2011இல் கலைத்தது.

நம் மாநிலக் கணக்கைச் சுகாதாரத் துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை எண் 19இலும், சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பிலும் பார்க்கலாம். உங்கள் மருத்துவமனையின் கணக்கு வேண்டுமென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதுங்கள். கணினி வாங்கியது, பராமரிப்பு, பதிவுப் பணியாளர் ஊதியம் மூன்றையும் தனித்தனியாக, மூன்று ஆண்டுகளுக்குக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

அம்மாவின் ஃபைலை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். கடைசி எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவும் மருந்துச் சீட்டும் மேலே இருக்கட்டும். இரண்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.