விடால் ரிப்போர்ட்டில் 1:320 என்றால் டைபாய்டா?

(விடால்: டைபாய்டுக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், இருக்கிறதா என்று ஸ்லைடு என்ற கண்ணாடித் தகட்டிலோ சோதனைக் குழாயிலோ பார்ப்பது. ஆன்டிஜென் என்பது கிருமியிலிருந்து செய்த கரைசல்; ஓ கிருமியின் உடலுக்கு, எச் அதன் இழைக்கு. ஆன்டிபாடி இருந்தால் அது திரளும். 1:320 என்றால் சீரத்தை அவ்வளவு நீர்த்த பிறகும் திரள்கிறது.)

கேள்வி: ஐயா, ஒரே சீரம். ஸ்லைடில் ஓ 1:160, குழாயில் 1:80. எதை எழுதுவது? சில நாள் ஸ்லைடில் யாருக்குப் பார்த்தாலும் பாசிட்டிவ்தான்.
– ஆய்வகப் பணியாளர், மோல்மேன்

பதில்: குழாயில் வந்ததை எழுதுங்கள். ஸ்லைடு முதல்கட்டச் சலிப்புக்கு மட்டுமே. ஒரு படி, அதாவது ஒரு இரட்டிப்பு, முன்பின் வருவது இந்தச் சோதனையின் இயல்பு. அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாருக்கும் பாசிட்டிவ் என்பதுதான் உதைக்கிறது. மேலே மின்விசிறி ஓடுகிறதா? சீரம் 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் வைத்து, ஆன்டிஜென் ஒவ்வொரு துளி விட்டுக் கலக்கி, ஒரு நிமிடம் ஆட்டியதும் படித்துவிட வேண்டும். தாமதித்தால் துளியின் ஓரம் காய்ந்து பொரிப்பொரியாகத் தெரியும். அது திரட்சி அல்ல. உண்மையான திரட்சி துளி முழுக்கப் பரவும். மணிகளுக்கு நடுவே நீர் தெளிந்திருக்கும்.

அடுத்து ஆன்டிஜென் புட்டி. உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. 2 முதல் 8 டிகிரிதான். மின்வெட்டு நாட்களுக்குப் பிறகு ஒரு துளியைச் சலைனோடு (உப்புநீர்) மட்டும் கலந்து பாருங்கள். சீரம் இல்லாமலே திரண்டால் புட்டியைத் தூக்கிப் போடுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரி) இரண்டும் தினமும் வேண்டும்.

குழாயை ஆட்டுவதற்கு முன் அடியைப் பாருங்கள். ஓ திரட்சி பொடிமணலாய்ப் பாய் விரித்திருக்கும். எச் திரட்சி பஞ்சுபோல் இருக்கும், வேகமாக ஆட்டினால் உடைந்துவிடும். முதல் குழாய்களில் ஒன்றும் தெரியவில்லையென்று நிறுத்திவிடாதீர்கள். ஆன்டிபாடி மிஞ்சிப் போனாலும் திரளாது, அடுத்தடுத்த நீர்த்தலில்தான் தெரியும்.

கேள்வி: மகனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். எச் 1:320, ஓ இல்லை என்கிறது ரிப்போர்ட். இரண்டு வருடம் முன் டைபாய்டு வந்தது. மறுபடியும் அதுதானா?
– வாசகி, யங்கோன்

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, அம்மா. எச் ஆன்டிபாடி பழைய நோய்க்குப் பிறகு நெடுநாள் தங்கும். வேறு காய்ச்சல் வந்தாலும் ஏறும். மலேரியா, டெங்கு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓ இல்லை என்பதும் டைபாய்டை விலக்காது: ஆன்டிபாடி ஏறுவதே முதல் வாரக் கடைசியில்தான். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் இன்றே காட்டி, மருந்து தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுக்கக் கேளுங்கள். முதல் வாரத்தில் நம்பத்தக்கது அதுதான்.

விடாலையே பார்ப்பதானால் 7–10 நாள் கழித்து இரண்டாம் ரத்தம் வேண்டும். நான்கு மடங்கு, அதாவது 1:80 இருந்தது 1:320 ஆக, ஏறினால் பொருள் உண்டு. முதல் சீரத்தில் கொஞ்சம் உறையவைத்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே புட்டி ஆன்டிஜெனில் பார்க்கட்டும்.