நாற்று நகரவில்லையா? டானிக் பாட்டிலை மூடி வையுங்கள்

வாசகர் கேள்வி: மிளகாய் விதை போட்டு 40 நாள் ஆகிறது. வித்திலை (விதையிலிருந்து முதலில் வரும் இலை) இரண்டும் அதற்கு மேல் ஒரு ஜோடி இலையும் வந்ததோடு சரி, 20 நாளாக அப்படியே நிற்கிறது. பெரிய பையில், கோகோபீட்டும் (தென்னை நார்க்கழிவு) மண்புழு உரமும் சம அளவு. காலை, மாலை தண்ணீர் விடுகிறேன். என்பிகே உரம் (தழை, மணி, சாம்பல் சத்து) தெளித்தேன், வேர் டானிக்கும் ஊற்றினேன். பிடுங்கிவிடலாமா?

பிடுங்க வேண்டாம். இந்த வயதில் மிளகாய் நாற்று நடவுக்கே தயாராகியிருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் நாற்றுக்குப் பசி இல்லை. அதற்கு மூச்சு முட்டுகிறது.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். இவ்வளவு சின்னச் செடி நாளைக்கு மிகக் கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கும். பை நிறைய ஈரக் கோகோபீட் இருந்தால் அது வற்ற வழியே இல்லை. இதன்மேல் நீங்கள் மறுபடி மறுபடி உரத்தில் கரைந்திருக்கும் உப்பை ஏற்றியிருக்கிறீர்கள். மண்புழு உரத்தில் ஒரு பங்கு, என்பிகேயில் ஒரு பங்கு, டானிக்கில் இன்னொரு பங்கு. வேரைச் சுற்றி உப்பு கூடினால், ஈரத்தில் நின்றாலும் செடியால் தண்ணீரை இழுக்க முடியாது.

டானிக் விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'வளர்ச்சி ஊக்கி' என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலும் ஹியூமிக் அமிலமோ கடற்பாசிச் சாறோதான் இருக்கும். நல்ல வேருள்ள செடிக்கு அவை கொஞ்சம் உதவலாம். மூச்சு முட்டும் வேருக்கு உதவாது. ஆனால் 'செடி வளரவில்லை' என்று போய் நின்றால், தொட்டியில் அடியில் துளை இருக்கிறதா என்று எந்த விற்பனையாளர் கேட்கிறார்? பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். கோகோபீட் கட்டியிலும் இதே கதை. நார்க்கழிவில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், சரியாகக் கழுவாவிட்டால் நாற்று குன்றும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குள் இருந்தால்தான் நாற்றுக்கு நல்லது. கட்டியின் மேல் 'கழுவியது' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், இந்த எண்ணைப் பலரும் போடுவதில்லை. ஒரு வரி அச்சடிக்கச் சொல்லி விதி போட எத்தனை வருடம் வேண்டும்?

இனி செய்ய வேண்டியது. நாற்றை மண்ணோடு அள்ளி எடுத்து வேரைப் பாருங்கள். நுனி வெள்ளையாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி வழுக்கினால் அழுகிவிட்டது, விட்டுவிடுங்கள். பிழைக்கும் நாற்றை, அடியில் துளையிட்ட சின்னக் கப்புக்கு மாற்றுங்கள். நன்றாகக் கழுவிப் பிழிந்த கோகோபீட் நான்கு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். ஒருமுறை தண்ணீர் விட்டுக் கப்பைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கையில் நினைவிருக்கட்டும், கப் லேசாகும்வரை அடுத்த தண்ணீர் கிடையாது. வெளிச்சமும் கதகதப்பும் உள்ள இடம் வேண்டும். 25 முதல் 30 டிகிரி நல்லது, 15-க்குக் கீழே போனால் மிளகாய் அநேகமாக நின்றுவிடும்.

இவ்வளவு செய்தும் நகராத ஒரு வகை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து, மேல் இலைகள் இரண்டும் சேரும் நடுப்புள்ளியைப் பாருங்கள். அங்கே ஊசிமுனை அளவில் பச்சைக் குருத்து இருக்க வேண்டும். அது கருகியோ காணாமலோ போயிருந்தால் நாற்று குருடாகிவிட்டது என்று அர்த்தம். பூச்சி கடித்திருக்கலாம், உரம் சுட்டிருக்கலாம், விதையுறையை நாமே பிய்க்கும்போது போயிருக்கலாம். இப்படிப்பட்ட நாற்று ஏமாற்றும். இலை தடித்து, கரும்பச்சையாக, நல்ல ஆரோக்கியமாகவே தெரியும், வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். இதற்கு எந்த உரமும் குருத்தைத் திருப்பித் தராது. ஆனால் இலைக்கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடத்தில்) பக்கமொட்டு இருந்தால் அங்கிருந்து துளிர் வரலாம். இரண்டு வாரம் பாருங்கள், பக்கத்திலும் ஒன்றும் கிளம்பாவிட்டால் புது விதை போடுங்கள்.

குருத்து உயிரோடு இருந்தால் 10 முதல் 14 நாளில் நடுவில் புது இலை தெரியும். பழைய இலையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அது இனிப் பெரிதாகாமலே போகலாம். புது இலை இரண்டு விரிந்த பிறகு, மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19 என்பிகே உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை கொடுங்கள். அதுவரை வெறும் தண்ணீர்தான்.